பச்சை டிக் போட்ட பதில்

போடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கல்யாணம் முடித்தவர்களில் பாதிப் பேரை மகாராஜன் சிரித்த முகமாகவே அறிவான். நேரில் யாரிடமும் பேசியதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் ரோஷன் ஸ்டுடியோவின் மாடி அறையில், ஏசிக் காற்று முதுகில் படும்படி உட்கார்ந்து, அவர்களுடைய கல்யாணத்தையும் காதுகுத்தையும் புதுமனை புகுவிழாவையும் வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது அவன் வேலை. கடைத்தெருவில் யாராவது எதிரே வந்தால், இவருக்கு மாலை போடும்போது மீசையில் பூவிதழ் ஒட்டிக்கொண்டதே என்று நினைவு வரும். அவர் தாண்டிப் போய்விடுவார். அவருக்கு இவனைத் தெரியாது.

ஸ்டுடியோ சவுகத் அலியுடையது. மகன் பெயரைக் கடைக்கு வைத்திருந்தார். கேமரா தூக்குகிறவர்கள் வருவார்கள், போவார்கள். எடிட்டிங் என்றால் மகாராஜன்தான். "அவங்கிட்டக் குடுத்துட்டா, பந்தியில எல கெடைக்காமச் சண்ட போட்டவனக்கூடச் சிரிச்ச மாதிரி காட்டிருவான்" என்று வருகிறவர்களிடம் சொல்வார். அந்த மகாராஜன் சிரித்துப் பார்த்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

மகாராஜனின் மனைவி குருவம்மாள் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தாள். பச்சைக் காய், வெளுத்த காய், வெடித்த காய் என்று முறத்தில் பிரித்துப் போடுகிற வேலை. அவள் வீட்டுக்குள் வந்துவிட்டால் டீக்குத் தனியாக ஏலக்காய் தட்டிப்போட வேண்டியதில்லை என்று அவன் கேலி செய்வான். பிள்ளைகள் இல்லை. வயிற்றில் கட்டி என்று மதுரைக்குக் கூட்டிப்போனபோது அது அக்கம்பக்கத்தில் எல்லாம் ஒட்டி வளர்ந்திருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் மதுரைக்கும் போடிக்குமாக பஸ்ஸில் அலைந்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் மகாராஜன் பதில் எழுதத் தொடங்கினான்.

அவன் பயன்படுத்துகிற எடிட்டிங் சாஃப்ட்வேரை விற்கும் கம்பெனி இணையத்தில் ஒரு கேள்வி பதில் மன்றம் நடத்திவந்தது. எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் வந்து, மெஷின் நின்றுபோகிறது, சத்தம் வரவில்லை, படம் கறுப்பாகத் தெரிகிறது என்று கேட்பார்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்லலாம். மகாராஜன் முதலில் தனக்கொரு சந்தேகம் கேட்கத்தான் போனான். அங்கே யாரும் சீண்டாமல் கிடந்த மற்றவர்களின் கேள்விகளைப் படித்தான். எல்லாம் அவனுக்குத் தெரிந்தவை. தன்னுடைய உடைந்த இங்கிலீஷில் ஒன்றுக்குப் பதில் எழுதினான். சற்று நேரத்தில் கேட்ட ஆள் நன்றி சொல்லியிருந்தான். அடுத்ததற்கு எழுதினான்.

டாக்டர்கள் "பார்க்கலாம்" என்றார்கள். "இந்த மருந்தையும் போட்டுப் பார்க்கலாம்" என்றார்கள். மன்றத்தில் பார்க்கலாம் கிடையாது. இதைச் செய், சரியாகும் என்று எழுதினால், சரியாகிவிட்டது என்று தகவல் வந்துவிடும். ஸ்கேனுக்கு உள்ளே போனவள் வெளியே வருவதற்குள் மூன்று பேருடைய மெஷினைச் சரியாக்கியிருப்பான்.

"யாருக்குங்க இம்புட்டு எழுதுறீங்க?" என்று குருவம்மாள் ஒருநாள் கட்டிலில் படுத்தபடி கேட்டாள்.

"பிரேசில்ல ஒருத்தன். தெறந்தவுடனே மிசின் ஒறஞ்சு நின்னுபோகுதாம்."

"சரியாச்சா அவனுக்கு?"

"ஆச்சு."

"ஆகட்டும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்தப் பிரேசில்காரனுக்கு எழுதிய பதில்தான் பின்னால் ஊர் சுற்றியது. சாஃப்ட்வேர் திறந்ததும் உறைந்துபோய்த் தானாக மூடிக்கொள்வது அப்போது எல்லாருக்கும் இருந்த தொல்லை. மகாராஜன் எழுதியது இதுதான்: சாஃப்ட்வேரை மூடிவிடுங்கள். 'ப்ரிவியூ' என்ற போல்டரை முழுதாக அழித்துவிடுங்கள். பெரிய போல்டர் என்பதால் குப்பைத்தொட்டிக்கு அனுப்பினால் இடம் போதாது, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒரேயடியாக அழியுங்கள். பயப்படாதீர்கள். அதில் இருப்பது வெறும் நகல், சாஃப்ட்வேர் தானே திரும்பச் செய்துகொள்ளும்.

அன்றைக்கு அது சரியான பதில். பிரேசில்காரன் அதற்குப் பச்சை டிக் போட்டான். பச்சை டிக் வாங்கிய பதிலை மன்றம் மேலே தூக்கி வைத்துவிடும். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் நன்றி எழுதினார்கள். மன்றம் மகாராஜனின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வைத்து, 'வழிகாட்டி' என்று பட்டமும் கொடுத்தது.

குருவம்மாள் ஒரு புரட்டாசியில் இறந்தாள். மகாராஜன் அழவில்லை. அதிர்ச்சியில் இருக்கிறான், பத்து நாளில் அழுவான் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். காரியம் முடிந்தது, மாதங்கள் போயின, அது வரவில்லை. பிறகு அவர்களும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அவனுக்குமே ஒன்றும் புரியவில்லை. பசித்தது, சாப்பிட்டான். தூக்கம் வந்தது, தூங்கினான். மற்றவர்கள் கல்யாணத்தை முன்னைவிட மோசமாக வெட்டவும் இல்லை, நன்றாக வெட்டவும் இல்லை. மன்றத்தின் பக்கம் மட்டும் போகவில்லை. போகக்கூடாது என்று முடிவெடுத்ததல்ல. வராந்தாவில் உட்காரும் வேலை முடிந்துபோனதும் அதுவும் முடிந்துபோயிற்று.

சாஃப்ட்வேர் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. அது வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை புதிதாகி வரும். ஒவ்வொரு தடவையும் ஒரு பொத்தான் இடம் மாறும், ஒன்றுக்குப் பெயர் மாறும், ஒன்று காணாமல் போகும். மகாராஜனின் மெஷினில் அந்த ஆஸ்பத்திரிக் காலத்துப் பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருந்தது. புதுப்பிக்கட்டுமா என்று அது கேட்கும்போதெல்லாம் வேண்டாம் என்று தட்டிவிடுவான்.

புது மெஷின் முஸ்கானுடையது. கம்பத்துப் பெண். கல்லூரியில் இந்தப் படிப்பே படித்துவிட்டு, கல்யாணமாகிப் போடிக்கு வந்தவள். சவுகத் அலி மனைவி வழியில் சொந்தம். வேலை கூடியபோது அவளை எடிட்டிங்குக்குச் சேர்த்து, புதுசாக ஒரு மெஷினும் புதுப் பதிப்பும் வாங்கிக்கொடுத்தார். மகாராஜன் அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தான் என்று சொல்ல முடியாது. அவள் கேட்டால் சொல்வான். பெரும்பாலும் அவளுக்கே தெரிந்திருந்தது.

ஆவணி கடைசி முகூர்த்தத்தில் ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாணம். தோட்டம் துரவு உள்ள உக்கிரபாண்டியின் ஒரே மகள் முத்துப்பிரியாவுக்கு. இரண்டு கேமரா, ஒரு ட்ரோன், மறுநாள் குரங்கணியில் அவுட்டோர். வந்த படத்தையெல்லாம் முஸ்கான் தன் மெஷினில் ஏற்றினாள். ஏற்றும்போதே சாஃப்ட்வேர், எல்லாவற்றையும் நானே பத்திரமாக நகலெடுத்து வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. புதுப் பதிப்பின் வசதி அது; கார்டிலிருந்து வருவது மெஷினில் வேறெங்கும் தங்காமல் அந்த நகலாக மட்டுமே இருக்கும். சரி என்றாள். வழக்கமாக இன்னொரு நகல் எடுத்து வைக்கும் டிஸ்க் நிறைந்துபோய், புது டிஸ்க் வரவேண்டியிருந்தது. கேமரா கார்டுகள் அடுத்த முகூர்த்தத்துக்கு வேண்டுமென்று கேமராக்காரர்கள் வாங்கித் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மகாராஜன் அந்த வாரம் காய்ச்சலில் கிடந்தான். மூட்டுக்கு மூட்டு வலி, எழுந்து நடக்க முடியவில்லை. செல்போன் எங்கோ சார்ஜ் இல்லாமல் கிடந்தது. திரும்பி வந்த அன்று காலை மாடி அறையில் முஸ்கான் மெஷினை அணைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, ஓடலயா?" என்று கேட்டான்.

"அண்ணே, ராசிங்காபுரத்துக் கல்யாணம் போயிருச்சுண்ணே."

"எங்க போயிருச்சு?"

"தெறந்தவுடனே ஒறஞ்சு ஒறஞ்சு நின்னுச்சு. ரெண்டு நாளாப் போராடுனேன். ஒங்களுக்குப் போன் போட்டேன், போகல. வீட்டுக்கு வரலாம்னா காச்சல்ல கெடக்குற மனுசனத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு பாய் சொன்னாரு. அப்புறம் ஒங்களத்தான் கேட்டேன்."

"எங்கிட்டயா? எப்பக் கேட்ட?"

"நெட்டுல தேடுனேன். மொதப் பதிலே ஒங்களோடது. ஒங்க பேரு, ஊரு போடின்னு போட்டிருந்துச்சு. பச்ச டிக் போட்டிருந்துச்சு. நீங்க சொன்னதத்தாண்ணே செஞ்சேன்."

மகாராஜன் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் மெஷினைப் போட்டுக் காட்டினாள். புதுப் பதிப்பு தான் எடுத்த நகலையெல்லாம் கொண்டுபோய் வைத்திருந்தது அதே 'ப்ரிவியூ' போல்டருக்குள்தான். பெயர் பழசு, உள்ளே இருந்தது புதுசு. அவள் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு அழித்திருந்தாள்.

அழிந்ததை மீட்டுத் தரும் கடை ஒன்று தேனியில் இருந்தது, அங்கே கொண்டுபோனார்கள். கடைக்காரன் அதை மதுரைக்கு அனுப்பினான். இந்த மாதிரிப் புது டிஸ்கில் அழிந்தால் அழிந்ததுதான் என்று அங்கிருந்து பதில் வந்தது.

சவுகத் அலி முஸ்கானை ஒன்றும் சொல்லவில்லை. மகாராஜனையும் ஒன்றும் சொல்லவில்லை. கீழே கல்லாவில் நெடுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கேமராவுல கோளாறுன்னு சொல்லிருவமாப்பா?" என்றார்.

"வேணாம் பாய். நான் போயிச் சொல்லிட்டு வர்றேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"நான் எழுதுனதப் பாத்துச் செஞ்சதுல அழிஞ்சிருச்சுன்னு."

"அது நீ எழுதி எத்தன வருசமாச்சு. அன்னிக்கு அது சரிதான?"

"அன்னிக்குச் சரிதான்."



ராசிங்காபுரத்துக்கு முஸ்கானும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தாள். உக்கிரபாண்டி தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். வீடியோ கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்து நாற்காலி போடச் சொன்னார். அவர் மனைவி மாயக்காள் உள்ளேயிருந்து டம்ளர்களோடு வந்தாள். மகாராஜன் டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் சொல்லி முடிக்கும் முன்பே முஸ்கான் அழத் தொடங்கிவிட்டாள்.

உக்கிரபாண்டி முதலில் அழுகிற பெண்ணைப் பார்த்தார். பிறகு இவனைப் பார்த்தார்.

"ஏப்பா, அந்தப் பொம்பளப்புள்ள அழுவுது. நீ என்னமோ பஸ்சு போயிருச்சுன்னு சொல்ற மாதிரி சொல்ற. மன்னிப்புக் கேக்க வந்த மொகமாய்யா இது?"

"எம் மொகம் இப்படித்தாண்ணே."

"எகத்தாளமாப் பேசுறியா?"

"இல்லண்ணே."

அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அங்கிருந்தபடியே யாருக்கோ போன் போட்டுச் சத்தமாகப் பேசினார். மாயக்காள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"தாலி கட்டுனது மட்டுமாச்சும் இருக்கா தம்பி?"

"இல்லக்கா. எதுவுமே இல்ல."

"நான் பாக்கலப்பா. ரெண்டாவது அட்சதத் தட்டக் காணோம்னு யாரோ கத்துனாங்க. வெரசாக் கொண்டான்னாங்க. உள்ள ஓடுனேன். தட்ட எடுத்துட்டு வர்றதுக்குள்ள கெட்டிமேளம் அடிச்சு ஓஞ்சுபோச்சு. சரி, வீடியோவுல பாத்துக்குருவம்னு இருந்துட்டேன்."

"போட்டா இருக்குக்கா. அது வேற கேமரா. ஆல்பத்துல வரும்."

"போட்டாவுல கட்டி முடிஞ்ச மாதிரிதான இருக்கும்" என்றாள் மாயக்காள். "கட்டுறதப் பாக்கணும்ல."

மகாராஜன் கீழே வைத்த டம்ளரை எடுத்தான். டீ ஆடை கட்டியிருந்தது. குடித்துவிட்டு எழுந்தான்.

அன்று சாயந்திரம் ஸ்டுடியோவுக்குத் திரும்பியதும் மன்றத்தைத் திறந்தான். கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. புதிதாக வாங்கி உள்ளே போனான். பக்கமே வேறு நிறத்தில் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் மட்டும் அப்படியே இருந்தது.

பதிலுக்குக் கீழே முதலில் நன்றிகள். உயிரைக் காப்பாற்றினீர்கள். அருமை. இந்தியாவிலிருந்து ஒரு மேதை. கீழே போகப்போக நன்றிகள் குறைந்தன. ஓரிடத்தில் ஒருவர், எச்சரிக்கை, புதுப் பதிப்பில் இதைச் செய்யாதீர்கள் என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகும் ஒருவர் நன்றி சொல்லியிருந்தார். அதற்குக் கீழே ஒரு பெண், என் மகனின் பள்ளி நாடகம் முழுதும் போய்விட்டது என்று எழுதியிருந்தாள். இன்னொருவர், இதை எழுதிய ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டிருந்தார். யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை. எச்சரித்தவரின் வரிகள் நாலு பக்கம் கீழே கிடந்தன. மேலே பச்சை டிக்கோடு நின்றது மகாராஜன் சொன்னதுதான்.

தன் பதிலை அழிக்கப் போனான். அழிக்கிற பொத்தான் இல்லை. திருத்தவும் முடியவில்லை. பழைய உரையாடல் என்று அந்தப் பக்கத்தையே பூட்டிவிட்டிருந்தார்கள். கம்பெனிக்கு எழுதினான். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எங்கள் வழிகாட்டிகளில் ஒருவராக இருப்பதற்கு நன்றி, பழைய உரையாடல்கள் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன, அவற்றை மாற்ற இயலாது, புதிய தகவல் இருந்தால் புதிய பதிவாக இடலாம். திரும்பவும் எழுதினான். அதே பதில் அதே சொற்களில் வந்தது.

தன்னுடைய மற்ற பதில்களையும் எடுத்துப் பார்த்தான். எழுதியது தான்தானா என்று சந்தேகம் வருமளவுக்கு இருந்தன. எது இன்னும் சரி, எது கெட்டுப்போனது என்று முஸ்கானின் மெஷினில் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கச் சொன்னான். பாதிக்கு மேல் பொத்தானே இல்லை என்றாள். அப்படிப் பார்த்துக்கொண்டு போகையில் ஓரிடத்தில், மனைவிக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறார்கள், ஒரு மணி நேரம் பொறுங்கள், வந்து சொல்கிறேன் என்று எழுதியிருந்தான். அப்படி எழுதியது நினைவில்லை. வந்து சொல்லியும் இருந்தான். அதற்குக் கீழே அந்த ஆள், நன்றி, வேலை செய்கிறது என்று போட்டிருந்தார். பிறகு அடுத்த வருஷத்துத் தேதியில் இன்னொரு வரி எழுதியிருந்தார்: உங்கள் மனைவி இப்போது எப்படி இருக்கிறார்?

அதுவும் பூட்டிய பக்கம். பதில் எழுத இடமில்லை. மகாராஜன் அடுத்ததற்குப் போனான்.

'ப்ரிவியூ போல்டரை அழிக்காதீர்கள்' என்று தலைப்பிட்டுப் புதிய பதிவு ஒன்று எழுதினான். தன் பழைய பதில் எந்தப் பதிப்புக்கானது, இப்போது அந்தப் போல்டருக்குள் என்ன இருக்கிறது என்று விவரமாக எழுதி, முஸ்கானிடம் காட்டி இங்கிலீஷைத் திருத்திப் போட்டான். தேடிப் பார்த்தார்கள். தேடினால் இன்னமும் பழையதுதான் முதலில் வந்தது.

ராசிங்காபுரத்துக்கு என்ன செய்வது என்பதற்கு யோசனை சொன்னது முஸ்கான். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் செல்போனில் எடுத்திருப்பார்கள், அதை வாங்கிச் சேர்க்கலாம் என்றாள். அவுட்டோரை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். உக்கிரபாண்டி ஒத்துக்கொள்ளவில்லை. மாயக்காள்தான் சரி என்றாள்.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் அதே பட்டுச்சேலை, அதே வேட்டியோடு ஜீப்பில் ஏற்றிக் குரங்கணிக்குப் போனார்கள். மகாராஜன் கேமராவோடு வெளியே போய் வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. அன்று அவனும் போனான். மேலே மேகம் இறங்கி ஏலத்தோட்டத்து மரங்களின் தலையை மறைத்திருந்தது. காப்பிச் செடிகளுக்கு நடுவே நிற்க வைத்தார்கள். முத்துப்பிரியாவுக்கு ஜீப் குலுக்கலில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. முழுகாமல் இருந்தாள். மாப்பிள்ளை முதலாளியிடம் லீவு கேட்க செல்போனில் சிக்னல் தேடி வளைவு வரைக்கும் நடந்துபோனான்.

"கொஞ்சம் சிரிங்க" என்றான் கேமராக்காரன்.

"அன்னிக்கு எப்படிச் சிரிச்சேன்னு தெரியலயே" என்றாள் முத்துப்பிரியா. ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பக்கத்தில் நின்ற மகாராஜனிடம், "ஒங்க கல்யாணம் வீடியோ எடுத்தாங்களாண்ணே?" என்று கேட்டாள்.

"எடுத்தாங்க. சிடியில இருக்கு. போட்டுப் பாக்க மிசின் இல்ல."

"இப்ப பென்டிரைவ்ல மாத்திக் குடுக்குறாங்களே. ஒங்க சோலியே அதான?"

"மாத்தணும்" என்றான்.

மாப்பிள்ளை வந்ததும் எழுந்து சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். படத்தில் நன்றாகவே விழுந்தது.

செல்போன் துண்டுகளை வாங்குவதற்குச் சில வாரங்கள் பிடித்தன. முஸ்கான் வாட்ஸப்பில் கேட்டாள். அனுப்பாதவர்கள் வீட்டுக்கு மகாராஜன் நேரில் போனான். போடி, ராசிங்காபுரம், மாப்பிள்ளை ஊர் என்று அலைந்தான். வந்ததெல்லாம் செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த நெட்டுக்குத்தான படங்கள். அவரவர் தன் பிள்ளை ஆடுவதை எடுத்திருந்தார்கள், தன் இலையை எடுத்திருந்தார்கள், தன்னையே எடுத்திருந்தார்கள். பின்னால் எங்கோ மணமேடை தெரிந்தது.

தாலி கட்டும் நேரத்தில் மட்டும் எல்லாரும் மேடையைப் பார்த்துச் செல்போனைத் தூக்கியிருந்தார்கள். முஸ்கான் அந்தத் துண்டுகளை வரிசையாகத் திரையில் போட்டாள். எல்லாவற்றிலும் கெட்டிமேளம் தெளிவாகக் கேட்டது. எல்லாவற்றிலும் மேடைக்கு முன்னால் இரண்டு முதுகுகள் நின்றன. ஸ்டுடியோவின் கேமராக்காரர்கள். கறுப்புப் பனியனில் வெள்ளை எழுத்தில் 'ரோஷன் ஸ்டுடியோ' என்று எழுதியிருந்தது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அதைப் படிக்க முடிந்தது. மணமக்களைப் பார்க்க முடியவில்லை. அட்சதை மட்டும் முதுகுகளுக்கு மேலே பறந்தது.

சவுகத் அலி மேலே வந்து பார்த்துவிட்டு இறங்கிப்போனார்.

மகாராஜன் ஒவ்வொரு துண்டாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தான். ஒரு கிழவர் எடுத்ததில், ஒரு கேமராக்காரன் லேசாகச் சாய்ந்தபோது இரண்டு முதுகுகளுக்கு நடுவே ஒரு சந்து விழுந்தது. அதில் ஒரு கழுத்து, ஒரு கை, மஞ்சள் கயிறு. கண் சிமிட்டுவதற்குள் மூடிக்கொண்டது. அதைப் பெரிதாக்கி, மெதுவாக ஓடும்படி செய்தான். புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது.

மாயக்காள் ஸ்டுடியோவுக்கு வந்து அந்த அறையிலேயே பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். மறுபடி போட்டான்.

"அது யாரு கை?"

"மாப்ள கையா இருக்கும்க்கா."

"முடிச்சுப் போடையில நாத்தனாரும் கை வைப்பாள்ல. அவ கையாவும் இருக்கலாமே."

"இருக்கலாம்."

"வளையல் தெரியுதா?"

"தெரியலக்கா. இதுக்கு மேல தெளிவா வராது."

மாயக்காள் இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சரி, பாட்டு நல்லதாப் போட்டுக் குடு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனாள். கீழே அவளைக் கூட்டிப்போக உக்கிரபாண்டி வண்டியில் காத்திருந்தார். கடைக்குள் வரவில்லை.

படம் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக வந்தது. மகாராஜன் செய்யக்கூடியதெல்லாம் செய்தான். கொடுத்தனுப்பிய பிறகு நன்றாயிருக்கிறது என்றோ இல்லை என்றோ அந்த வீட்டிலிருந்து ஒரு பேச்சும் வரவில்லை. கார்த்திகையிலும் தையிலும் ராசிங்காபுரத்துக் கல்யாணங்கள் வேறு ஸ்டுடியோவுக்குப் போயின. சவுகத் அலி புது டிஸ்க் இரண்டு வாங்கிப்போட்டார். முஸ்கான் சிறு சந்தேகத்துக்கும் இணையத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவனிடம் கேட்கத் தொடங்கினாள். அவளுடைய மெஷினில் இருப்பது அவனுக்குத் தெரியாது என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்பாள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள்.

மாசியில் ஒருநாள் முஸ்கானின் மெஷின் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.

"அண்ணே, அந்த ப்ரிவியூ போல்டரையே எடுத்துட்டாங்க" என்றாள். "நகலெல்லாம் இப்ப வேற பேர்ல, வேற எடத்துல இருக்கு."

மகாராஜன் தன்னுடைய எச்சரிக்கைப் பதிவைத் திறந்தான். கீழே சிலர் எழுதியிருந்தார்கள். ஒருவர், நீங்கள் சொல்கிற போல்டர் என் மெஷினில் இல்லவே இல்லை, எந்தக் காலத்து ஆள் நீங்கள் என்று கேட்டிருந்தார். அதை இரண்டு பேர் ஆமோதித்திருந்தார்கள். அதற்கும் கீழே அன்று காலையில் போட்ட கேள்வி ஒன்று இருந்தது. புதுப் பதிப்பு திறந்தவுடன் உறைகிறது, நாளைக்குப் படம் கொடுக்க வேண்டும், எதை அழித்தால் சரியாகும், வழிகாட்டியே, சொல்லுங்கள்.

முஸ்கான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"என்னண்ணே போடப் போறீங்க?"

"எனக்குத் தெரியலயே."

"தெரியலன்னே போடுங்க."

தெரியாது என்று எழுதினான். எதையும் அழிக்க வேண்டாம் என்று இன்னொரு வரி சேர்த்தான். அதைப் படித்துப் பார்த்தான். இந்த வரியாவது நிற்குமா என்று யோசித்தான், அதுவும் தெரியவில்லை. இரண்டையும் அப்படியே விட்டு அனுப்பினான்.

பசித்தது. சாப்பிடக் கிளம்பினான். மாடிப்படியில் ஒரு குடும்பம் ஆல்பத்தை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவனைக் கண்டதும் கால்களை மடக்கி வழிவிட்டார்கள்.